எந்தக் கிடங்குக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட்?

மேற்கு மாரெட்பள்ளியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மகன், மேட்சலுக்குப் பக்கத்தில் தன் தகப்பனார் முன்னொரு காலத்தில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டி, கம்பெனிகளின் சரக்கை வைத்துப் பராமரித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்க உத்தேசித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, "மாமா, ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட்தான் இப்போ வாங்க முடியும், எதை வாங்கினா எல்லா வேலையும் ஆகும், சொல்லுங்கோ" என்று கேட்டான். உத்தியோக காலம் முழுவதையும் சரக்குக் கிடங்குகளின் நிர்வாகத்திலேயே கழித்தவன் நான் என்பதால் என்னிடம் இக்கேள்வி வருவது இயல்பே. அவனுக்கு வாய்மொழியாகச் சொன்னதையெல்லாம், அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் பிறருக்கும் உபயோகமாக இருக்கட்டுமென்று, சற்று விஸ்தாரமாகவே இங்கே எழுதுகிறேன்.

எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரு ஃபோர்க்லிஃப்ட் உலகத்தில் கிடையாது. கடையில் போய் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால், சரக்கு எந்தப் பலகையின் மேல் வருகிறது, எவ்வளவு உயரத்துக்கு ஏற வேண்டும், எவ்வளவு அகலமான பாதையில் வண்டி திரும்ப வேண்டும், தரை எப்படிப்பட்டது, ஓட்டப்போகிறவன் யார் என்ற ஐந்து விஷயங்களையும் நிச்சயித்துக்கொண்டவனுக்கு, இன்ன வண்டிதான் வேண்டுமென்பது தானாகவே விளங்கிவிடும். இவற்றை நிச்சயிக்காமல் வண்டியை வாங்கிவிட்டு, பிறகு அந்த வண்டிக்காகக் கிடங்கை இடித்துக் கட்டியவர்களையும், தரையைப் பெயர்த்துப் போட்டவர்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரிலேயே இந்த விஷயத்தின் சரித்திரம் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. செகந்திராபாத்தின் ராணிகஞ்ச், ஜெனரல் பஜார், மோண்டா மார்க்கெட் முதலிய இடங்களில் இன்றைக்கும் இருக்கும் பழைய குடோன்களுக்குள் நுழைந்து பார்த்தால், ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சமே எழும்பிய கூரையும், தெருவோடு சமமான வாசலும், லாரியிலிருந்து பலகை ஒன்றைச் சாய்த்து, முதுகிலும் தோளிலும் மூட்டைகளை இறக்கும் ஹமாலிகளும்தான் தென்படுவார்கள். அக்கட்டடங்களின் அளவு முழுவதும் மனித சரீரத்தின் அளவிலிருந்து பிறந்தது. மத்திய விற்பனை வரி அமலில் இருந்த காலத்தில், வேறு மாநிலத்து வியாபாரிக்கு நேராக விற்றால் அந்த வரி விழும், தம்முடைய கிளைக் கிடங்குக்கே சரக்கை மாற்றி அங்கிருந்து விற்றால் விழாது என்ற காரணத்தினால், கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒன்றாகச் சிறு கிடங்குகளை வைத்துக்கொண்டிருந்தன. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்ததும் அந்த அவசியம் நீங்கிவிட்டது. சிறு கிடங்குகள் ஒன்றுசேர்ந்து பெருங்கிடங்குகளாயின. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையை ஒட்டி, வடக்கே கொம்பள்ளி, குண்ட்லபோச்சம்பள்ளி, மேட்சல் என்றும், தெற்கே ஷம்ஷாபாத் என்றும், முப்பது நாற்பது அடி உயரக் கூரையுடன் அவை எழும்பின. தோளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் அந்த வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் செலவழிக்கிறோம். அந்த உயரத்தை உபயோகத்துக்குக் கொண்டுவருவதே இவ்வண்டிகளின் பிரதான காரியம்.

மனிதனுடைய முதுகைப் பாரத்திலிருந்து காப்பது என்ற இன்னொரு காரியமும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது இதைவிடப் பெரியது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் தேதி ஸ்தாபிக்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அன்று தொட்டு நாடெங்கும் தானிய மூட்டைகளை அடுக்கிய முதுகுகள் எத்தனை தேய்ந்திருக்கும் என்பதைக் கணக்கிட எந்தப் பேரேடும் இல்லை. நூறு கிலோ மூட்டையை ஒரே ஆள் சுமப்பது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 1967இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஓர் ஆள் சுமக்கும் பாரத்துக்கு வரம்பு வேண்டுமென்று உடன்படிக்கை ஒன்றைச் செய்து, அதனோடு சேர்ந்த பரிந்துரையில், வயது வந்த ஆண் சுமக்கக்கூடிய அதிகபட்ச எடை 55 கிலோ என்று குறித்தது. அவ்வுடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது 2010இல்தான். இப்போது மூட்டை 50 கிலோவுக்கு வந்திருக்கிறதென்றாலும், ஒரு நாளில் எத்தனை மூட்டை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஃபோர்க்லிஃப்டைப் பற்றிப் பேசுகிறபோதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லாபக் கணக்கன்று. நாற்பது வயதிலேயே நிமிர முடியாமல் போன மனிதர்கள்தாம்.

இந்த வண்டியின் பிறப்பு அமெரிக்காவின் மிஷிகன் மாகாணத்தில் புக்கனன் என்ற சிற்றூரில் நிகழ்ந்தது. 1917இல் அங்கிருந்த கிளார்க் கம்பெனியார், தம் தொழிற்சாலைக்குள் வார்ப்புச் சாமான்களை இங்குமங்கும் கொண்டுபோவதற்காகச் செய்துகொண்ட சிறு மோட்டார் வண்டியை, தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்கவே, விற்பனைக்கும் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் வண்டி மட்டும் இருந்தால் போதாது; அதன் இரு கரங்களும் உள்ளே நுழைவதற்கு இடைவெளியுள்ள பலகை ஒன்று சரக்கின் அடியில் இருக்க வேண்டும். பேலட் என்ற அந்த எளிய மரப்பலகையும் ஃபோர்க்லிஃப்டும் சேர்ந்து உலகமெங்கும் பரவியது இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கணக்கற்ற தளவாடங்களைக் கப்பலிலும் ரயிலிலும் விரைந்து ஏற்றியிறக்க வேண்டிய நெருக்கடியினாலேயே ஆகும். நம் தேசத்தில் கோத்ரெஜ், வோல்டாஸ் என்ற இரு பெயர்களை உச்சரித்தாலே ஃபோர்க்லிஃப்ட் என்று பொருள்படும் அளவுக்குப் பழைய தொழிலாளர்களிடையே அவை பிரசித்தம்.

ஆகையால் பேலட்டிலிருந்தே தொடங்குவோம். ஐரோப்பாவில் 800க்கு 1200 மில்லிமீட்டர் அளவு பழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கிடங்குகளில் பெரும்பாலும் 1000க்கு 1200 அளவே கையாளப்படுகிறது. உங்கள் கிடங்குக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் எந்த அளவில் அனுப்புகிறார்கள், அடிப்பலகை திறந்திருக்கிறதா, நான்கு புறமும் மூடியிருக்கிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடிப்பலகை மூடிய பேலட்டுக்குள் சில வண்டிகளின் தாங்கு கால்கள் நுழையவே மாட்டா. நம் லாரிகளில் அட்டைப்பெட்டிகள் பேலட்டே இல்லாமல் தரையோடு தரையாக அடுக்கப்பட்டு வருவது இன்னும் சகஜமாகையால், அவற்றைக் கையால் இறக்கிப் பேலட்டில் அடுக்கிய பிறகே ஃபோர்க்லிஃப்டுக்கு வேலை ஆரம்பமாகிறது என்பதையும் மறக்கலாகாது.

வண்டிகளுள் மிக எளியது ஹேண்ட் பேலட் டிரக். ராணிகஞ்ச் கடைகளின் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தால் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் ஃபோர்க் எனப்படும் இரு கரங்களும் தரைக்கு மேல் 85 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டர் வரை எழும். இரண்டு, இரண்டரை டன் எடையை ஒரே ஆள் சமதரையில் இழுத்துச் செல்லலாம். உயரத்தில் அடுக்க உதவாது, சரிவில் ஆபத்து, வெடித்த சிமெண்டுத் தரையில் அதன் சிறு சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் எந்தக் கிடங்கிலும் இது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. மின்கலத்தால் ஓடும் வகை வந்த பிறகு இழுப்பவனுடைய தோள்வலியும் தீர்ந்துவிட்டது.

அடுத்தது ஸ்டாக்கர். இதன் பின்னால் ஆள் நடந்துகொண்டே ஓட்டலாம். ஒன்று, ஒன்றரை டன் எடையை மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். கையால் ஏற்றுவது, ஏற்றுவதற்கு மட்டும் மின்சாரம் உபயோகிப்பது, ஓடுவதற்கும் ஏற்றுவதற்கும் மின்சாரம் உபயோகிப்பது என்று மூன்று தரங்களில் கிடைக்கிறது. ஃபோர்க்குக்குக் கீழேயே தாங்கு கால்கள் இருப்பதால், மேலே சொன்ன மூடிய பேலட்டோடு இது ஒத்துப்போகாது. மருந்துக் கடைகளுக்கு மொத்த வினியோகம் செய்கிறவர்களைப் போன்ற நடுத்தர வியாபாரிகளுக்கு இதுவே போதுமானது. அவர்களுள் பலர் பக்கத்துக் கிடங்கைப் பார்த்துப் பெரிய வண்டியை வாங்கிவிட்டு, அது திரும்ப இடமில்லாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றுவது கவுண்டர்பேலன்ஸ் என்னும் வகை. இதன் தத்துவத்தை அறிந்துகொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும். கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டி, முன்முனையில் தொங்கும் நீர்ச்சாலை எளிதில் மேலே எழும்பச் செய்வதைப் போல, இவ்வண்டியில் முன்சக்கரங்களின் அச்சே ஆதாரமாக நிற்க, முன்னால் உள்ள பாரத்தைப் பின்னால் உள்ள வார்ப்பிரும்புப் பாளம் சமன்செய்கிறது. அதனால்தான் இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை, நான்கு டன் இருக்கிறது. வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டில் எழுதிய எடை, பாரத்தின் மையம் ஃபோர்க்கின் முகத்திலிருந்து பொதுவாக 500 மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டதாகும். முன்னச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் 45 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு டன் வண்டி ஒன்றில், நீளமான பெட்டியை ஏற்றியதால் பாரத்தின் மையம் 50 சென்டிமீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டருக்கு நகர்ந்துவிட்டால், 2000ஐ 0.95ஆல் பெருக்கி 1.15ஆல் வகுத்துப் பாருங்கள். அது பத்திரமாகத் தூக்கக்கூடியது ஏறத்தாழ 1650 கிலோதான். உயரம் கூடக்கூட இந்தச் சக்தி இன்னும் குறையும். "ரெண்டு டன் வண்டிதானே, ரெண்டு டன் தூக்கும்" என்று நினைத்துக் கவிழ்ந்த வண்டிகள் அநேகம்.

கவுண்டர்பேலன்ஸ் வண்டி லாரியோரம், திறந்தவெளி, கிடங்கின் உட்புறம் ஆகிய எல்லா இடத்திலும் உழைக்கும்; ஆனால் திரும்புவதற்கு மூன்றரை மீட்டருக்கு மேல் அகலமான பாதை அதற்கு வேண்டும். டீசலில் ஓடுவது திறந்தவெளிக்கும் மழைக்கும் தகும். மூடிய தகரக் கூரையின் கீழ், அதிலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அதன் புகையைத் தொழிலாளர்கள் நாள்முழுதும் சுவாசிப்பது பாவம். உணவும் மருந்தும் இருக்கும் கிடங்குக்குள் மின்சார வண்டியைத் தவிர வேறெதையும் விடக்கூடாது. ஈய அமில பேட்டரிக்கு எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறுதல் என்பது பழைய கணக்கு. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமுள்ள தனி இடமும், காய்ச்சி வடித்த நீரை ஒழுங்காக ஊற்றும் ஓர் ஆளும் அவசியம். லித்தியம் பேட்டரியோ தேநீர் இடைவேளையில்கூடச் சார்ஜ் செய்துகொள்ளும். விலை அதிகமானாலும், இரண்டு மூன்று ஷிப்ட் ஓடும் இடங்களில் அந்த விலை திரும்பி வந்துவிடுகிறது.

உயரமான ராக்குகளுக்கென்றே ஏற்பட்டது ரீச் டிரக். இதற்குப் பின்பாரம் அதிகமில்லை. முன்னால் நீண்டிருக்கும் இரு கால்களுக்கிடையே, ஃபோர்க்கை ஏற்றியிறக்கும் மாஸ்ட் என்ற நெடுஞ்சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து, பேலட்டை எட்டி எடுத்து, பிறகு தன் கால்களுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஓட்டுகிறவன் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதால் இருபுறமும் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம் வரை ஏற்றும், ஏறத்தாழ 2.8 மீட்டர் பாதை போதும். சக்கரங்கள் சிறியவையும் கெட்டியானவையுமாகையால் சீரான தரை தவிர வேறிடத்தில் இதை ஓட்டலாகாது. லாரியோர முற்றத்துக்கு இறக்கினால் அன்றே அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

அதைவிடக் குறுகலான பாதைக்கு வி.என்.ஏ. என்று தொழிலில் அழைக்கப்படும் வண்டி உண்டு. இது திரும்புவதே இல்லை; ஃபோர்க்கு மட்டும் இடமும் வலமும் சுழலும்; தரையில் பதித்த கம்பியோ இரும்புத் தண்டவாளமோ வழிகாட்ட, ஏறத்தாழ 1.7 மீட்டர் பாதையில் ராக்குகளை உரசாமல் ஓடும். சில வகைகளில் ஓட்டுகிறவனும் பாரத்தோடு மேலே போகிறான். பத்து மீட்டருக்கு மேலே கொண்டுபோகும் மாஸ்டில், தரையில் உள்ள சில மில்லிமீட்டர் மேடுபள்ளம் உச்சியில் பெருத்த ஆட்டமாக மாறுமாகையால், இவ்வண்டிக்குத் தரைதான் உயிர்நாடி.

இம்மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கால் தெளிவாக்குகிறேன். அறுபது மீட்டர் அகலமுள்ள ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். பாதையின் இருபுறமும் ஒவ்வொரு பேலட்டுக்கு 1.2 மீட்டர் ஆழமும், ராக்குகளின் முதுகுக்கிடையே 10 சென்டிமீட்டரும் விட்டால், பாதையோடு சேர்த்துக் கவுண்டர்பேலன்ஸுக்கு 6.1 மீட்டர், ரீச் டிரக்குக்கு 5.3 மீட்டர், வி.என்.ஏ.வுக்கு 4.2 மீட்டர் வேண்டும். அதாவது முறையே ஒன்பது, பதினொன்று, பதினான்கு பாதைகள். நிலமும் கூரையும் அதேதான். வண்டியின் தேர்வு ஒன்றினாலேயே சரக்கு வைக்கும் இடம் பாதிக்கு மேல் கூடுகிறது. நிலவிலை ஏறிக்கொண்டே போகும் மேட்சலில் இதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இவை தவிர, நடுவில் மடங்கித் திரும்பும் ஆர்ட்டிகுலேட்டட் வண்டி உண்டு. லாரியோர வேலையையும் குறுகிய பாதை வேலையையும் ஒன்றே செய்வது அதன் விசேஷம். முழுப் பேலட்டை எடுக்காமல் பெட்டி பெட்டியாகப் பொறுக்கியெடுக்கும் இணைய வியாபாரக் கிடங்குகளில், ஆளையே மேடையோடு தூக்கும் ஆர்டர் பிக்கர் ஓடுகிறது. நீளமான குழாய்க்கும் மரத்துக்கும் சைடு லோடர். சனத்நகரில் கன்கார் நடத்தும் கண்டெய்னர் டிப்போவில், நாற்பத்தைந்து டன் வரை தூக்கிக் கண்டெய்னரின் மேல் கண்டெய்னராக அடுக்கும் ரீச் ஸ்டாக்கரைப் பார்த்தால், ராணிகஞ்சின் கைவண்டியும் அதுவும் ஒரே வம்சம்தானா என்று வியப்பாக இருக்கும். கார்கானா, திருமலகிரி வழியாக ஷாமீர்பேட்டைப் பக்கம் போனால் ஜீனோம் வேலி. அங்கே தடுப்பூசியும் உயிர்மருந்தும் வைக்கும் குளிர்க்கிடங்குகளில் பேட்டரியின் சக்தி குளிரால் குறைந்துபோகுமாகையால், அதற்கென்றே செய்த வண்டியைத்தான் வாங்க வேண்டும். தீப்பற்றக்கூடிய ரசாயனக் கிடங்கிலோ பொறி எழாத விசேஷ அமைப்புள்ள வண்டியைத் தவிர மற்றது எதுவும் விபரீதத்தில் முடியும்.

நண்பர் மகனுக்கு நான் சொன்ன யோசனை இது: லாரியிலிருந்து இறக்குவதற்கு ஒரு மின்சாரக் கவுண்டர்பேலன்ஸ் வண்டியும் சில ஹேண்ட் பேலட் டிரக்குகளும் முதலில் போதும்; ராக்குகளை ரீச் டிரக்குக்குத் தக்க பாதை விட்டு அமைத்து, தரையை அதற்கேற்ற மட்டத்துக்கு இப்போதே போட்டுவிட வேண்டும். ராக்கு உயரும் நாள் வரும்வரை ரீச் டிரக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தரையை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிறது. காரோட்டத் தெரிந்தவன் இதையும் ஓட்டிவிடுவான் என்பது தவறான எண்ணம். வளைவில் வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வீசி, பக்கத்தில் நிற்பவனை அடித்துவிடும். பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வைத்து, மாஸ்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும். பாரம் முன்பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். சரிவில் பாரத்தோடு போகும்போது ஏறினாலும் இறங்கினாலும் பாரம் மேட்டுப்பக்கமே இருக்க வேண்டும். ஃபோர்க்கின் மேல் ஆளை நிற்கவைத்து ஏற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கவுண்டர்பேலன்ஸ் வண்டி கவிழும் தருணத்தில் வெளியே குதிக்கிறவனையே அதன் கூரைச்சட்டம் நசுக்குகிறது. பெல்ட் அணிந்து, இருக்கையிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவனே பிழைக்கிறான். அமெரிக்காவில் ஒவ்வோர் ஓட்டுநருடைய திறமையையும் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை செய்ய வேண்டுமென்பது சட்டம். நம் நாட்டிலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் குழுமம் போன்ற அமைப்புகளின் மூலம் பயிற்சி பெற வழியிருக்கிறது. ஆனால் நேற்றுவரை பெட்டி சுமந்த பையனிடம் இன்று சாவியைக் கொடுத்து, "மெதுவாகப் பழகிக்கொள்" என்று சொல்லிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

ஆகவே கிடங்கு வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப்போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வண்டி ஓடும் பாதையையும் மனிதர் நடக்கும் பாதையையும் மஞ்சள் கோட்டோடு நிறுத்தாமல் இரும்புத் தடுப்பால் பிரித்து வையுங்கள். வண்டி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஓட்டுகிறவனுடைய பயிற்சிக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். பயிற்சிச் சான்று இல்லாதவன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். மனிதனுடைய முதுகைக் காப்பதற்காக வந்த இயந்திரம் அவன் உயிரைப் பறிக்க நாம் இடங்கொடுக்கலாகாது.